ரஷ்யாவுல ஒரு எண்ணெய் ஊரை கடலூர்ல உக்காந்தே படிக்கிறது எப்படி

2022-ல உக்ரைன் சண்டை ஆரம்பிச்சு சன்ஃபிளவர் ஆயில் விலை சர்ருனு ஏறுச்சு இல்லையா, அப்ப எங்க அம்மா கேட்டாங்க, "எங்கயோ ரஷ்யாக்காரன் சண்ட போட்டா திருப்பாப்புலியூர் மளிகை கடைல ஏன்டா விலை ஏறுது". அதுக்கு பதில் தேடப்போயி அலெக்சேயெவ்கான்னு ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டேன். பெல்கரோத் மாகாணம், உக்ரைன் எல்லை பக்கம், கரிசல் மண்ணு, 40,000 பேருக்கும் கம்மி, நம்ம பண்ருட்டிய விட சின்ன ஊரு. மொழி தெரியாம, ஒரு தடவை கூட நேர்ல போகாம இந்த மாதிரி ஒரு விவசாய ஊரோட கதைய எப்படி தோண்டுறதுன்னு நான் பட்ட பாட்ட வெச்சு சொல்றேன்.

மொதல்ல பேரு. அலெக்சேயெவ்கான்னு தேடினா வந்து கொட்டும், ஏன்னா அலெக்சேய்ங்கிற பேருல இருந்து வந்த ஊரு ரஷ்யா பூரா கிடக்கு, நம்ம பக்கம் புதுப்பேட்டை மாதிரி. அதனால மேப்ல இருந்து ரஷ்ய எழுத்துலயே பேர காப்பி பண்ணி, கூடவே ஆத்தோட பேரையும் சேத்து போடுங்க. இந்த ஊருக்கு திகாயா சோஸ்னா, அது போய் டான் ஆத்துல விழுது. ஆத்த புடிச்சிட்டா ஊரு மாறாது.

அடுத்தது இங்கதான் நான் ஒரு வாரம் வேஸ்ட் பண்ணேன். பழைய விஷயத்த பெல்கரோத்னு போட்டு தேடுனா ஒண்ணுமே வராது. அந்த மாகாணமே 1954-லதான் உண்டாச்சு, ஊருக்கு டவுன் அந்தஸ்து குடுத்ததும் அதே வருஷம். அதுக்கு முன்னாடி வரோனேஷ் மாகாணம், பிர்யூச் வட்டம். 1993-க்கு முந்தின பேப்பர்ல போய் கடலூர் மாவட்டம்னு தேடுவீங்களா, தென்னாற்காடுன்னுதானே தேடுவீங்க, அதேதான்.

தேதியும் அளவும் சீக்கிரம் சொல்லிடறேன். 1918 வரைக்கும் ரஷ்யாவுல பழைய காலண்டர், 19-ம் நூற்றாண்டு தேதின்னா 12 நாள் கூட்டிக்கோங்க. பூத்னு வந்தா 16 கிலோவும் கொஞ்சமும், தெசியாத்தினான்னு வந்தா ஏறக்குறைய 2.7 ஏக்கர்.

இப்ப முக்கியமான வேலை. ராஜா பேரு போர் பேரெல்லாம் ஓரமா வெச்சிட்டு அந்த ஊருல ஒரே ஒரு சரக்க புடிங்க. இங்க சூரியகாந்தி. அது அமெரிக்காவுல இருந்து வந்த செடி, ரஷ்யாவுல ரொம்ப நாளா அழகுக்கும் கொறிக்கவும்தான் வளத்தாங்க. 1829-ல இந்த ஊர்ல போகரேவ்னு ஒருத்தர் கையால அழுத்துற செக்கு ஒண்ண வெச்சு அந்த விதைல எண்ணெய் எடுத்தார். 1833-ல பாப்புஷின்னு ஒரு வியாபாரி போகரேவ கூட வெச்சுக்கிட்டு குதிரை சுத்துற ஆலை போட்டார், அடுத்த வருஷம் போகரேவ் சொந்தமா ஒண்ணு. 1860 வாக்குல அந்த ஒரு ஊர்லயே சுமார் 160 எண்ணெய் ஆலைன்னு சொல்றாங்க.

இதோட நிறுத்திட்டா அது பொது அறிவு கேள்வி பதில். காசு யாருக்கு போச்சுன்னு கேளுங்க, அங்கதான் கதையே இருக்கு. போகரேவ் ஷெரமேத்யெவ் பிரபுவோட பண்ணையடிமை. ரஷ்யாவுல பண்ணையடிமை முறைய ஒழிச்சது 1861-ல, அப்ப இந்த 160 ஆலையும் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு! அடிமை எப்படி ஆலை வெப்பான்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. விஷயம் என்னன்னா பண்ணையடிமையில ரெண்டு வகை, வாரத்துக்கு இத்தன நாள் பிரபு நிலத்துல உழைக்கிறது ஒண்ணு, உழைப்புக்கு பதிலா வருஷத்துக்கு இவ்ளோன்னு காசா கட்டுறது ஒண்ணு. ஷெரமேத்யெவ் குடும்பம் நிறைய ஊர்ல காசா வாங்குன ஆளுங்க, இவானவோங்கிற துணி ஊர்லயும் அவங்க அடிமைங்களே ஆலை முதலாளி ஆனாங்க. கொடுக்க வேண்டியத கொடுத்துட்டா மிச்சத்துக்கு நீ செக்கு ஓட்டு, எனக்கென்ன. இது நல்ல மனசுன்னு நான் சொல்ல மாட்டேன், நல்ல கணக்கு.

சரி எண்ணெய வாங்குனது யாரு? இதுக்கு கோயில் காலண்டர பாக்கணும். அவங்க சர்ச்சுல விரத நாள் வருஷத்துல பாதிக்கு கிட்ட வரும், கறி மட்டுமில்ல, பாலும் வெண்ணெயும் கூட கூடாது. நம்ம புரட்டாசிய நெய் கூட இல்லாம ஆறு மாசம் இழுத்த மாதிரி. அதனால ஆளிவிதை எண்ணெய், ஹெம்ப்னு சொல்ற சணல் விதை எண்ணெய்னு ஓட்டிக்கிட்டிருந்த ஜனத்துக்கு இது தேவாமிர்தம்.

ஒரு எச்சரிக்கை. உலகத்துலயே மொதமொதல்ல இங்கதான்னு எந்த ஊர்க்காரன் சொன்னாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க, நாமளும் சொல்றவங்கதான். சூரியகாந்தி விதைல எண்ணெய் எடுக்க இங்கிலாந்துல 1716-லயே ஒருத்தர் பேட்டண்ட் வாங்கியிருக்கார். இந்த ஊருல நடந்தது அது வியாபாரமா மாறுனதுதான், எனக்கு அதுவே பெருசு.

அப்புறம் 1890-கள்ல ரயில் வந்துச்சு. எந்த ஊரா இருந்தாலும் லைன் எங்கேந்து எங்க போகுதுன்னு பாருங்க, சரக்கு எந்த பக்கம் போச்சுன்னு தெரிஞ்சிரும்.

சோவியத் காலத்துக்கு வந்தா ஊர் வெப்சைட்ட மட்டும் நம்பாதீங்க, கூட்டுப்பண்ணை சாதனைன்னு ஒரு வரி போட்டு தாண்டிருவாங்க. 1929-லேந்து நிலத்த புடுங்கி கூட்டுப்பண்ணை ஆக்குனது, 1932-33 பஞ்சம், இதெல்லாம் ஜனத்தொகை கணக்குலதான் எட்டிப் பாக்கும். அதுலயும் 1937 கணக்கெடுப்பு நம்பர் குறைஞ்சு வந்துச்சுன்னு அரசாங்கமே மூடி வெச்சிருச்சு, அதனால 1926-ஐயும் 1939-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கணும். 1942 ஜூலைலேந்து 1943 ஜனவரி வரைக்கும் ஊரு எதிரி கையில.

இன்னிக்கு என்ன ஓடுதுன்னு தெரியணும்னா கம்பெனி பேர உரிச்சு பாருங்க. இந்த ஊர்லேந்து வளந்த பெரிய கம்பெனி எஃப்கோ, எண்ணெய் மயோனைஸ் எல்லாம் போடுறாங்க. அவங்க பிராண்ட் ஒண்ணு ஸ்லபதா, அது அந்த காலத்துல வரிச்சலுகையோட குடியேத்துன ஊருக்கு பேரு, அலெக்சேயெவ்காவும் ஒரு ஸ்லபதாதான். பேருல ஊர் ஒளிஞ்சிருக்கிறது நமக்கு புதுசா? நாம மல்லாட்டைனு சொல்றது மணிலா கொட்டைதானே. அந்த மல்லாட்டை புதுச்சேரிலேந்து கப்பல் ஏறி பிரான்சுல இருக்கிற மார்செய் சோப்பு கம்பெனிக்கு போன கதையையும் பக்கத்துல வெச்சு படிங்க, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நம்ம நாட்டுல சூரியகாந்திய வியாபாரத்துக்கு பயிர் பண்ண ஆரம்பிச்சதே 1969-ல ரஷ்ய ரகம் வந்த பிறகுதான், அதனால அம்மா கேட்ட கேள்விக்கு வேர் அங்கயே இருக்கு.

எஃப்கோங்கிறதே ரஷ்ய மொழில வாசனை எண்ணெய் ஆலைங்கிறதோட சுருக்கம், அந்த ஆலை பிழிஞ்சது கொத்தமல்லி விதை. இத சொன்னதும் அம்மா எண்ணெய் விலையெல்லாம் மறந்துட்டாங்க. "மல்லிய பிழிஞ்சு என்னடா பண்ணுவான், கொழம்பு வெக்க மாட்டானா?" இல்லம்மா, சென்ட்டுக்கும் சோப்புக்கும். அவன் கொத்தமல்லி விதை பொடிசு, அதுல எண்ணெய் ஜாஸ்தி, நம்ம கொத்தமல்லி விதை குண்டு, அதுல அவ்ளோ வராது. "அப்ப அரைச்சா வாசனை தூக்குமே"ன்னுட்டு, அடுத்த தடவை ஓ.டி. (கடலூர் பழைய டவுன்) பக்கம் போனா அந்த பொடிசு கொத்தமல்லி கிடைக்குதான்னு விசாரிக்க சொல்லியிருக்காங்க.