அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்டி: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் முடிந்ததும் எஸ்ஓபி (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கை) வரைவுகள் கைமாற ஆரம்பித்துவிடும். எழுத்துப்பிழை, கடைசி நாளைத் தவறவிடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நல்ல மதிப்பெண்ணும் ஆய்வக அனுபவமும் உள்ள பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பது

ஆண்டுதோறும் இதே தவறு, ஆண்டுதோறும் அதே எரிச்சல்.

அமெரிக்காவில் பெரும்பாலான கிளினிக்கல் பிஎச்டி துறைகள் மென்டார் முறையில்தான் ஆள் எடுக்கின்றன. முதலில் சேர்ந்துவிட்டு அப்புறம் வழிகாட்டியைத் தேடிக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது. ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஓர் ஆண்டில் எடுப்பது பெரும்பாலும் ஒரே ஒருவரை. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் அவர் பெயரைப் போட்டு விண்ணப்பித்தால், கட்டணம் போனதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் இந்த ஆண்டு யார் மாணவர் எடுக்கிறார்கள் என்பதைப் பல துறைகள் செப்டம்பர், அக்டோபரிலேயே தங்கள் பக்கத்தில் போட்டுவிடுகின்றன. அதைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து இடங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பெயர் பட்டியலில் இருந்தாலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: அவர் கிளினிக்கல் பிரிவைச் சேர்ந்தவர்தானா? ஒரு வரைவில் மாணவர் இரண்டு பத்தி உருகி எழுதியிருந்த பேராசிரியர் அதே துறையின் சமூக உளவியல் பிரிவில் இருப்பவர். அவரால் கிளினிக்கல் மாணவரை எடுக்கவே முடியாது. மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் இருந்துகொண்டு இங்கே இணைப்புப் பேராசிரியராக மட்டும் இருப்பவர்களும் பல இடங்களில் முதன்மை மென்டார் ஆக முடியாது.

அடுத்து, அவர் *இப்போது* என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை பதினைந்து ஆண்டு பழையதாக இருக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் கடைசியாக வரும் கட்டுரைகளைப் படியுங்கள். அவை பெரும்பாலும் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்தவை. பிறகு என்ஐஎச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) நடத்தும் ரிப்போர்ட்டர் தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். நடப்பில் உள்ள நிதித் திட்டங்கள், அவை முடியும் தேதி, ஆய்வுச் சுருக்கம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கட்டுரையாக இன்னும் வராத வேலையை அங்கேதான் பார்க்க முடியும்.

இதையெல்லாம் செய்தவருடைய எஸ்ஓபி பார்த்தவுடன் தெரியும். “பதற்றம், மனச்சோர்வு, அதிர்ச்சி, குழந்தைகள் மனநலம் ஆகியவற்றில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம்” என்று எழுதுபவர் செய்யாதவர். “பதின்வயதினரின் தற்கொலை எண்ணம் ஒரே நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கைபேசி வழியாக நாளுக்குப் பலமுறை கேட்டுப் பதிவு செய்து ஆராய விரும்புகிறேன், முந்தைய இரவின் தூக்கம் அதை மாற்றுகிறதா என்பது என் கேள்வி” என்று எழுதுபவர் செய்தவர். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பேராசிரியரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போடுங்கள். பத்தி அப்படியே பொருந்தினால் மறுபடி எழுத வேண்டும்.

தொடர்பில்லாத நான்கு பேரின் பெயரைப் போடுவதும் கெடுதல்தான். நால்வருமே ‘இவர் நம் ஆள் இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். ஒருவர், மிஞ்சினால் நெருங்கிய தலைப்பில் இன்னொருவர்.

மின்னஞ்சலை செப்டம்பரிலேயே அனுப்புங்கள். யார் நீங்கள், என்ன ஆய்வு செய்தீர்கள், எந்தக் கேள்வி, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று ஆறு வரி, ஒரு சிவி போதும். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். விண்ணப்பங்களை எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்போம் என்று பதில் எழுதாமல் இருப்பவர்களும் உண்டு.

சொந்த நோயின் கதை

2006-இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இரு ஆய்வாளர்கள் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் விண்ணப்பத்தைக் கெடுப்பது எது என்று கேட்டு வெளியிட்ட ஆய்வில், விண்ணப்பதாரர் தன் மனநலப் பிரச்சினையை விவரிப்பதும் அளவுக்கு மீறித் தன்னைப் பற்றிக் கொட்டுவதும் இடம்பெற்றன. இதில் நியாயம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எஸ்ஓபி அந்த வழக்கை நடத்தும் இடம் அல்ல. அனுபவத்திலிருந்து பிறந்த ஆய்வுக் கேள்வியை எழுதுங்கள், அனுபவத்தை அல்ல.

ஏபிஏ அங்கீகாரம் பார்க்காமல் சேர்வது

முழுக்க ஆன்லைனில் நடக்கும் முனைவர் படிப்புக்கு ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் தருவதில்லை. அங்கீகாரம் இல்லையென்றால் இன்டர்ன்ஷிப், லைசென்ஸ் இரண்டும் சிக்கலாகும். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், முடிக்க எத்தனை ஆண்டு, செலவு, இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள், பாதியில் விலகியவர்கள், லைசென்ஸ் பெற்றவர்கள் என்று ஓர் அட்டவணை வெளியிட்டாக வேண்டும். சைடி (PsyD, ஆய்வைவிடச் சிகிச்சைப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் முனைவர் பட்டம்) படிப்புக்குப் போகிறவர்கள் செலவு வரிசையை இரண்டு முறை படிக்கட்டும். பிஎச்டியில் கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் வழக்கம். சைடியில் பெரும்பாலும் கைக்காசு அல்லது கடன்.

விசாவை மறந்து திட்டமிடுவது

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது முக்கியம். முனைவர் மாணவர்களுக்கு என்ஐஎச் தரும் எஃப்31 உதவித்தொகையும் என்எஸ்எஃப்பின் (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) பட்டதாரி உதவித்தொகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்புக்குக் குடியுரிமையே வேண்டும். அதனால் வெளிநாட்டு மாணவருக்கு ஐந்து ஆண்டும் நிதி எங்கிருந்து வரும் என்று நேர்காணலில் கூச்சமில்லாமல் கேளுங்கள். இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு விதிகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஜிஆர்இ

இந்த நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, சில கேட்கின்றன. ஒவ்வொரு துறையின் இணையப் பக்கமாகப் பாருங்கள், பொதுவாக நம்பாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம்

உங்கள் ஆராய்ச்சியைக் கண்ணால் பார்த்தவர் எழுத வேண்டும். பதவி பெரிதென்பதற்காக வேண்டாம்.

இரண்டு இடத்தையும் பிடித்து வைத்திருப்பது

பெரும்பாலான துறைகள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருகின்றன. கடைசி நாள் வரை கையில் இரண்டு மூன்று இடங்களை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. போகப் போவதில்லை என்று தெரிந்த இடத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள். ஓர் ஆய்வகத்துக்கு ஓர் இடம் என்னும்போது, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அழைப்புப் போவது உங்கள் மின்னஞ்சல் வந்த பிறகுதான்.