நல்ல கொலஸ்ட்ராலை நம்பிச் செய்யும் தவறுகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். 65 என்றிருப்பதைப் பார்த்ததும், அதற்கு அடுத்த வரியில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். 165 என்றிருப்பதைப் பொருட்படுத்தாமல் நிம்மதி அடைபவர்கள் பலர். நல்லது போதிய அளவு இருப்பதால் கெட்டதை அது சமாளித்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய கணக்கு. எச்.டி.எல். குறித்த தவறுகளில் மிகுந்த தீங்கு விளைவிப்பது இதுவே என்பேன். கடனில் வரவைக் கழிப்பதுபோல எல்.டி.எல்.லிலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க முடியாது. தமனிச் சுவருக்குள் புகுந்து படிவது எல்.டி.எல். வகைத் துகள்களே, எச்.டி.எல். உயர்ந்திருப்பவர்களுக்கும் அந்தப் படிவு உண்டாகிறது, மாரடைப்பும் வருகிறது.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வருவதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1977-இல் தெளிவாகக் காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் அதையே கண்டன. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதிலிருந்து, ஒன்றை உயர்த்தினால் மற்றது குறையும் என்ற முடிவுக்குத் தாவியதில்தான் பிழை நேர்ந்தது.

அந்தத் தாவலுக்கு மருந்துத் துறை பெரிய விலை கொடுத்தது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை ஏறத்தாழ 72 சதவீதம் உயர்த்தியது, எல்.டி.எல்.லையும் 25 சதவீத அளவுக்குக் குறைத்தது. இருந்தும் அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால், சுமார் 15,000 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அம்மருந்து ரத்த அழுத்தத்தையும் உயர்த்தியதால் தோல்விக்கு அதுவே காரணமாயிருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்தக் குறை பெரிதாக இல்லாத டால்செட்ராபிப் 2012-இல் பயன் தரவில்லை என்று தெரிந்ததும் அந்த வாதம் வலுவிழந்தது. நியாசின் என்ற வைட்டமினை மிகை அளவில் கொடுத்து, 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வும், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை எடுப்பவர்களுக்குக் கூடுதல் நன்மை எதையும் காட்டவில்லை. மாறாக, சர்க்கரை நோயும் தொற்றுகளும் ரத்தக்கசிவும் மிகுந்தன. ஆகவே எச்.டி.எல்.லை ஏற்றுவதற்கென்றே நியாசின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது, பலனின்றி அபாயத்தை மட்டும் ஏற்பதாகும். மது எச்.டி.எல்.லைக் கூட்டுகிறது என்று சொல்லி அருந்துவதும் அதே வகைச் சமாதானந்தான்.

எண் உயர்ந்தும் பயன் ஏன் இல்லை? எச்.டி.எல். துகள்கள் கொலஸ்ட்ராலைச் சுமந்து கல்லீரலில் இறக்கும் லாரிகள் போன்றவை. அறிக்கையில் காண்பது எச்.டி.எல். துகள்களுக்குள் அந்த நேரத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு மட்டுமே. லாரிகளில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணிவிட்டு, ஒரு நாளில் எத்தனை மூட்டை இறக்கப்பட்டது என்று சொல்ல முடியாதல்லவா? கல்லீரலில் எச்.டி.எல். தன் சுமையை இறக்குவதற்கு உதவும் ஏற்பி என்ற புரதத்தில் அரிய மரபணுக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு இதற்குக் கச்சிதமான சான்று: சுமை இறங்காமல் ரத்தத்திலேயே தேங்குவதால் அவர்களுடைய எச்.டி.எல். எண் மிக உயர்ந்திருந்தது, இதய நோய் அபாயமோ கூடுதலாக இருந்தது. இத்தாலியின் லிமோனே என்ற சிற்றூரில் ஒரு குடும்ப வழியினருக்கு இதற்கு நேர்மாறு; எச்.டி.எல். மிகக் குறைவாக இருந்தும் அதற்கேற்ப இதய நோய் மிகவில்லை.

இதைப் படித்துவிட்டு எச்.டி.எல். எண்ணையே அலட்சியம் செய்வது எதிர்த்திசைத் தவறு. ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்தால் அது ஓர் எச்சரிக்கை மணி. அதன் பின்னால் பெரும்பாலும் புகைப்பழக்கமோ, வயிற்றைச் சுற்றிய கொழுப்போ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பின் மிகுதியோ, சர்க்கரை நோயின் தொடக்கமோ இருக்கும். புகையை நிறுத்துவதும் உடற்பயிற்சி செய்வதும் எச்.டி.எல்.லைச் சிறிதளவே ஏற்றலாம். எண் ஏறவில்லையே என்று அவற்றைக் கைவிடக் கூடாது, ஏனெனில் அவற்றின் நன்மை அந்த எண்ணின் வழியாக மட்டும் வருவதில்லை.

மொத்தக் கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லால் வகுத்து வரும் விகிதத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றக்கூடும். மொத்தம் 260, எச்.டி.எல். 70 என்றால் விகிதம் 3.7, பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பாருங்கள்: 190 மிஞ்சும். தமனியில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் முழுவதும் அந்த 190-க்குள் அடங்கியிருக்கிறது. மருத்துவரிடம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.