ட்ரென்ட் கரையில் நிதி திரட்டும் தூண்டில் போட்டி: முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ட்ரென்ட் ஆற்றங்கரையில், ஞாயிறு காலை ஏழரை மணி. ஒரு துணிப்பைக்குள் கையை விட்டு எண் எழுதிய வில்லையை எடுக்கிறீர்கள். கரையில் அந்த எண்ணுள்ள முளை எங்கே இருக்கிறதோ, அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு அதுதான் உங்கள் இடம். 'பெக்' என்பார்கள். விசில் ஊதினால் தூண்டில் போடலாம், மறு விசிலுக்கு நிறுத்த வேண்டும். பிடித்த மீனைத் தண்ணீருக்குள் வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டு, அதே ஆற்றில் விட்டுவிட வேண்டும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு. கட்டணமாகவும் குலுக்கல் சீட்டாகவும் சேர்ந்த பணம் ஒரு ஹாஸ்பிஸுக்கோ (குணமாக முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இல்லம்) குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகும்.

இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களை அலுவலக நண்பர்கள் இந்தப் போட்டிகளுக்கு அழைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஊர் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்த பழக்கம் கைகொடுக்கும் என்று நம்பிப் போகிறோம். கொஞ்சம் கொடுக்கும். மீதியை நான் சில வருடங்களில் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் உரிமம். போட்டிக்குக் கட்டணம் கட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தக் கட்டணம் வேறு, அரசின் தூண்டில் உரிமம் வேறு. இங்கிலாந்தில் 13 வயது நிறைந்த எவரும் நன்னீரில் தூண்டில் போட உரிமம் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம், ஆனால் இணையத்தில் பதிந்து வாங்கியே ஆகவேண்டும். மகனையோ மகளையோ கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை மறக்கிறார்கள். உரிமமில்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். ஒரு நாளைக்கு மட்டுமான உரிமமும் உண்டு என்பதால் சாக்குச் சொல்ல வழியில்லை. தேதியையும் பாருங்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கெண்டை வகை மீன்களுக்கு இனப்பெருக்கத் தடைக்காலம். ஜூன் 16 அன்றுதான் ஆறு மறுபடி திறக்கும். 'ஆற்றில் முன்கூட்டியே ஒரு ஒத்திகை' என்று மே மாதம் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்தது, வானத்தைப் பார்த்து ஆற்றை முடிவு செய்வது. நாட்டிங்ஹாமில் வெயில் அடிக்கும், ஆறோ செம்மண் நிறத்தில் பொங்கி ஓடும். ட்ரென்டில் வந்து சேரும் டவ், டெர்வென்ட் ஆறுகள் பீக் மலைப்பகுதியில் பிறக்கின்றன. நேற்று அங்கே கொட்டிய மழைதான் இன்று நம் காலடியில் ஓடுகிறது. ஆற்று நீர்மட்டங்களை அரசு இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. முந்தின நாள் இரவும் கிளம்பும் முன்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மட்டம் ஏறிக்கொண்டே போனால், போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். திரட்டும் பணத்துக்காக வழுக்கும் கரையில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இனி தூண்டில். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

என் முதல் போட்டியில் மூன்று பைன்ட் வெள்ளைப் புழு வாங்கிப் போயிருந்தேன். விசில் ஊதிய அரை மணிக்குள் பாதியை ஆற்றில் வீசிவிட்டேன். இரை நிறையக் கிடந்தால் மீன் நிறைய வரும் என்பது என் கணக்கு. பக்கத்து முளையில் இருந்த பெரியவர் ஒருமுறைக்குப் பதினைந்து இருபது புழுவுக்கு மேல் போடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை தக்கையை விடும்போதும் போட்டார், ஐந்து மணி நேரமும் கை நிற்கவில்லை. மூன்றாவது மணியில் அவர் நிமிடத்துக்கு ஒரு மீன் எடுத்தார். என் இடத்தில் மீன் வயிறு நிறைந்து கிடந்தது, அல்லது புழுவோடு சேர்ந்து நீரோட்டத்தில் கீழே போயிருந்தது. ஓடும் தண்ணீரில் நாம் போடும் இரை நமக்கு முன்னால் விழாது. இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு புழு அடியைத் தொடுவதற்குள் பல மீட்டர் தூரம் இழுத்துப் போகப்படும். அதனால் இரையை நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல். ரோச் மீன்கள் அந்த இரை ஓடும் தடத்தைக் கண்டுபிடித்து ஏறி வர நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்கும் பொறுமைதான் இல்லாமல் போகிறது.

ஆழம் பார்க்காமல் போடுவது இதற்கு அடுத்தது. முள்ளில் ஒரு சின்னக் குண்டைக் கோத்து இறக்கி, தக்கை எங்கே நிற்கிறது என்று பார்த்து, பெக்கின் இடம் வலம் எல்லாம் அளக்கப் பத்து நிமிடம் போதும். ட்ரென்டின் அடி சமதளம் அல்ல. ஒரு தூண்டில் நீளத்துக்குள்ளேயே மேடும் பள்ளமும் இருக்கும், மீன் அந்தச் சரிவில்தான் நிற்கும். தக்கையை ஓட விடும்போது அதன் போக்கிலேயே முழுக்க விட்டுவிடுவதும் பிசகு. மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். தக்கை முன்னே போய் முள்ளை இழுத்துக்கொண்டு போனால், இரை மற்றப் புழுக்களைவிட வேகமாக ஓடுவது மீனுக்குத் தெரிந்துவிடும். தூண்டில் நரம்பை விரலால் லேசாகப் பிடித்துத் தக்கையைத் தாமதப்படுத்துங்கள். இரை முன்னே, தக்கை பின்னே. சின்ன வயதில் நாங்கள் மயிலிறகுத் தண்டை வெட்டித் தக்கை செய்வோம். இங்கே பெட்டிகளில் அதே மயிலிறகுத் தண்டுத் தக்கைகளைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது.

விசில் விதிகளில் விளையாட்டு வேண்டாம். முதல் விசிலுக்கு முன் ஆழம் பார்க்கலாம், வலைப்பையை இறக்கலாம், ஒரு பிடி இரையைக்கூடப் போடக் கூடாது. கடைசி விசில் நேரத்தில் முள்ளில் மாட்டியிருக்கும் மீன் கணக்கில் சேருமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயக் குண்டுகளைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து வராதீர்கள். அன்னங்கள் கூழாங்கல்லோடு அவற்றையும் விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. ஊரிலிருந்து யாராவது அன்போடு வாங்கி வந்து கொடுத்த பாக்கெட்டாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். நீளமான கார்பன் தூண்டில் வைத்திருப்பவர்கள் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி இருங்கள். உங்கள் எண் கம்பிக்கடியில் வந்தால் வேறு பெக் கேளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆற்றுக் கரைகளில் உண்டு.

வலைப்பைக்கு வருவோம். பரிசுக்காகவோ நல்ல காரியத்துக்காகவோ, எதற்காக மீனை அடைத்து வைத்தாலும் அதற்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. சட்டப்படி பை குறைந்தது 2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும், முடிச்சு போட்ட வலையோ உலோக வலையோ கூடாது, வலைக்கண்ணின் உட்சுற்றளவு 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சின்னப் பையாக வாங்குவது எங்கும் நடக்கிறது. அதைவிட மோசம், நல்ல பையை வாங்கிவிட்டுக் கரையோரம் சுருட்டி இறக்குவது. பை நீரோட்டத்தில் முழு நீளத்துக்கு விரிந்து கிடக்க வேண்டும், படகு போகும்போது எழும் அலையில் கரைமேல் ஏறக் கூடாது. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் நோய்க்கிருமிகளிடமிருந்து மீனைக் காக்கிறது.

பார்பல் என்ற மீன் மாட்டினால் தனிக் கவனம் வேண்டும். நம் காவிரி மஹசீரைப் போலவே கெண்டைக் குடும்பம், அதே போல மூச்சு முட்டும்வரை போராடும். வெயில் நாளில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது களைத்த பார்பலைப் பைக்குள் போட்டால் பிழைப்பது கடினம். முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பம் போல இருப்பதால் வலையிலும் சிக்கும். பல போட்டிகளில் அதை உடனே எடை போட்டு விட்டுவிடுவார்கள். விடும்போது தூக்கி எறியாமல், தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்க, அது தானாகக் கையை உதறிப் போகும்வரை பிடித்திருங்கள். இரண்டு மீன் குறைந்தாலும் பரவாயில்லை.

"அண்ணா, இவ்வளவு மீனையும் திரும்ப ஆற்றிலேயே விடணுமா? நாலு மட்டும் குழம்புக்கு எடுத்துக்கட்டுமா?" என்று போன வருடம் உடன் வந்த தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பசிக்காக மீன் பிடித்து வளர்ந்த சமூகம் நாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2010 முதல் இங்கிலாந்தில் ஆற்று மீனை எடுத்துப் போக வரம்பு உண்டு: 20 சென்டிமீட்டருக்குள் உள்ள சிறு மீன்கள் ஒரு நாளைக்கு 15, 65 சென்டிமீட்டர் வரையுள்ள பைக் மீன் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டருக்குள் கிரேலிங் மீன் இரண்டு. அதற்கும் ஆற்றின் அந்தப் பகுதியை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். போட்டியில் பிடித்ததை ஒன்றுகூட எடுக்க முடியாது. அடுத்த வாரம் இதே கரையில் தூண்டில் போட வருகிறவர்களுக்கும் அந்த மீன்கள் வேண்டும் என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்தது.

பணத்தில் நடக்கும் குழப்பம் பெரும்பாலும் தெரியாமையால் வருவது. வழக்கமான போட்டிகளில் கட்டிய பணம் வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். நிதி திரட்டும் போட்டியில் எவ்வளவு பரிசுக்கு, எவ்வளவு அமைப்புக்கு என்று முன்கூட்டியே கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுண்டு நன்கொடைக்கும் 'கிஃப்ட் எய்ட்' வழியாக அரசு 25 பென்ஸ் சேர்க்கும். குலுக்கல் சீட்டு வாங்கிய பணத்துக்கு அது கிடையாது. அதிகம் உதவ நினைப்பவர் பத்துச் சீட்டு வாங்குவதைவிட அந்தத் தொகையைத் தனியாக நன்கொடையாக எழுதிக் கொடுப்பது நல்லது. அலுவலகத்தில் ஆதரவு கேட்கும்போது 'பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டு எடைக்கும் ஒரு பவுண்டு' என்று கேட்காதீர்கள். ஆறு கலங்கி ஒரு மீனும் வராத நாளில் ஹாஸ்பிஸுக்கும் ஒன்றும் வராது. ஒரு நிலையான தொகையைக் கேட்டு, எடைக்கு மேலதிகமாகத் தர விரும்பினால் தரட்டும் என்று விடுங்கள்.

எடை போடும்வரை இருங்கள். மீன் குறைவு என்று பையை முன்பே கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களால், தராசோடு வருகிறவர்களின் கணக்கும் குழம்புகிறது, பரிசளிப்பில் திரட்டிய தொகையை அறிவிக்கும்போது கூட்டமும் பாதியாகிவிடுகிறது. அந்தத் தொகையைக் கேட்க மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் வந்து நிற்பார், அவர் முன் காலி நாற்காலிகள் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஈர வலையைக் கார் டிக்கியில் மறந்துவிடாதீர்கள். ட்ரென்டில் வந்து கலக்கும் சோர் ஆற்றில் மிதக்கும் பென்னிவொர்ட் என்ற அயல்நாட்டுக் கொடி படர்ந்திருக்கிறது. ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் அடுத்த ஆற்றில் முளைத்துவிடும். வலை, பூட்ஸ், கைவலை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்த பிறகு அடுத்த கரைக்கு எடுத்துப் போங்கள்.