ரெட் விழுந்தாயிற்று, ஃபாலோ எங்கே? நடுத்தரக் கையோடு போக்கரில் எதுவரை பந்தயம் கட்டுவது

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் டெக்சாஸ் ஹோல்டம் ஆடுகிறோம். பணம் கிடையாது. ஆளுக்கு 100 புளியங்கொட்டை. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் தடை செய்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பல வருடம் முன்பே தடை அமலில் இருக்கிறது; பிறப்பித்தவர் அம்மா.

எந்தக் கை எதை வெல்லும், ஃபிளாப், டர்ன், ரிவர் என்றால் என்ன என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. 'கால்' என்று எழுதினால் முழங்காலுக்குக் கீழே இருப்பது நினைவுக்கு வருகிறது. எனவே எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாக வைத்துக் 'கூட வருவது' என்றே எழுதுகிறேன்.

சாமான்கள்: காகிதச் சீட்டு வாங்காதீர்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் ஊறி, சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் சீட்டுதான் இந்த ஊருக்குச் சரி. கொட்டை பச்சையாக இருக்கட்டும். ஒருமுறை வறுத்ததை வைத்து ஆடினோம். ஒருவர் தோற்பதற்கு முன்பே தன் சொத்தில் பாதியை மென்றுவிட்டார். சதவீதம் பார்க்கச் செயலி எதுவும் தேவையில்லை, ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி: உங்கள் கை எவ்வளவு நோஞ்சான் என்று எண்ணுங்கள்

என் கையில் கிளாவர் 10, இஸ்பேட் 9. ஃபிளாப்பில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 7, டைமன் 4. மேசையிலேயே பெரிய சீட்டோடு எனக்கு ஜோடி. இப்போதைக்கு நான்தான் முன்னால் இருக்கலாம். ஆனால் கேரம் ஆடியவர்களுக்கு இந்த நிலைமை தெரியும்: ரெட்டைப் போட்டாயிற்று, அதை உறுதி செய்யும் அடுத்த காய், அதாவது ஃபாலோ, விழவில்லை. ரெட் இன்னும் என்னுடையது இல்லை.

நான் பார்க்காத சீட்டு 47. அதில் ஜாக்கி, ராணி, கிங், ஏஸ் சேர்ந்து 16. எது வந்தாலும் என் ஒன்பதுக்கு மேல் ஒரு ஜோடி அமைய வாய்ப்பு. இவை போக மிச்சமுள்ள ஆர்ட்டின் 7. ஆக 23 சீட்டு, கிட்டத்தட்ட பாதி, என் வயிற்றைக் கலக்கும். இதே ஜோடி ஏஸாக இருந்து, மேசையில் ஏஸ், 7, 2 மூன்றும் மூன்று சின்னத்தில் கிடந்தால் இந்தக் கலக்கமே இல்லை. அங்கே அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: ஃபிளாப்பில் சும்மா விடாதீர்கள்

குவியலில் 12 கொட்டை. நான் 8 வைத்தேன். ஒருவர் சீட்டைக் கவிழ்த்து விலகினார். என் மச்சான் கூட வந்தார். அவர் கையில் இரண்டு ஆர்ட்டின் என்று வையுங்கள். அவருக்கு உதவும் சீட்டு 9. அடுத்த சீட்டிலேயே அது வர 47இல் 9, அதாவது 100க்கு 19. அவர் போடுவது 8, அதோடு சேர்ந்து குவியல் 28. நட்டமில்லாமல் கூட வர 28இல் 8, அதாவது 100க்கு 28க்கு மேல் வாய்ப்பு வேண்டும். அவருக்கு அது இல்லை. நான் பந்தயம் வைக்காமல் 'செக்' சொல்லியிருந்தால் அந்தச் சீட்டை இலவசமாகப் பார்த்திருப்பார். எதிரே ஒருவருக்குப் பதில் மூன்று பேர் கூட வந்துவிட்டால் என் ஜோடியின் மதிப்பு சட்டென்று இறங்கும். அடுத்த சுற்றில் நான் பெரும்பாலும் அடங்கிவிடுவேன்.

மூன்றாம் படி: டர்ன் சீட்டைப் பார்த்து முடிவு

கிளாவர் 2 வந்தது. யாருக்கும் உதவாத சீட்டு. மறுபடி கட்டலாம்: குவியல் 28, நான் 18 வைத்தேன், மச்சான் வந்தார், குவியல் 64. மாறாக இஸ்பேட் ராணி வந்திருந்தால் நான் பெரும்பாலும் செக். ஆர்ட்டின் 8 வந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடிக்கடி பந்தயத்தை ஏற்றாத ஆள் திடீரென்று ஏற்றினால் கவிழ்த்துவிடுங்கள். மூன்று ஏழு மாதிரி பலமான கை என்றால் கதை வேறு, கட்டிக்கொண்டே போங்கள்.

நான்காம் படி: ரிவர். நான் ஒரு வருடம் வழுக்கி விழுந்த இடம்

ஆர்ட்டின் கிங் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 30 கொட்டையை எண்ணி வைத்தேன். 'இதுவரை கட்டிக் காத்த கையை இப்போது கைவிடுவதா' என்ற ரோஷம். மச்சான் யோசிக்கக்கூட இல்லை. கூட வந்து இரண்டு ஆர்ட்டினைத் திருப்பிக் காட்டினார்.

போன வாரம் ஒருவரிடம், அதற்கு முந்தைய வாரம் இன்னொருவரிடம், இதே கதை. ஒரு நாள் நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ரிவருக்குப் பிறகு சீட்டு வராது. வராத சீட்டிலிருந்து எதைப் பாதுகாக்கிறேன்? ஃபிளாப்பிலும் டர்னிலும் பந்தயத்துக்கு இரண்டு வேலை: என்னைவிடக் கீழான கையிடம் வசூலிப்பது, மேலே வர முயல்பவரிடம் கட்டணம் வாங்குவது. ரிவரில் இரண்டாவது வேலை தீர்ந்துபோகிறது. ஏமாற்றிக் கவிழ்க்க வைப்பது தனிக் கலை, அதற்கு இந்தக் கை தேவையே இல்லை.

ஆகவே ரிவரில் ஒரே கேள்வி: என்னைவிட மட்டமான எந்தக் கை இதற்குக் கூட வரும்? வாய்விட்டுப் பெயர் சொல்ல முடிய வேண்டும். ஆர்ட்டின் கிங் விழுந்த மேசையில் 30க்கு யார் வருவார்கள்? ஐந்து ஆர்ட்டின் சேர்ந்தவர், கிங் ஜோடிக்காரர். கவிழ்ப்பவர்கள் கையில் 9-8 வைத்திருப்பவர், ஏழில் ஜோடி சேர்ந்தவர் போன்றோர், அதாவது நான் ஏற்கெனவே வென்றுவிட்ட ஆட்கள். ஜெயிக்கிற இடத்தில் விரட்டிவிட்டுத் தோற்கிற இடத்தில் வாரிக் கொடுத்திருக்கிறேன்.

ரிவரில் கிளாவர் 3 வந்திருந்தால்? அப்போது 9-8, ஏழில் ஜோடி என்று பெயர் சொல்ல முடியும். எதிராளி எதற்கும் வருகிறவர் என்றால் 15 அல்லது 20 வைப்பேன். அவர் கஞ்சன் என்றால் செக். ஆர்ட்டின் கிடைக்காத கடுப்பில் அவரே பொய்யாகக் கட்டவும் கூடும்.

சேர்க்கை 1: 'ஒன்பது சீட்டை நான்கால் பெருக்கினால் 36. உங்கள் 28ஐ விட அதிகம்தானே, மச்சான் செய்தது சரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மடக்கல். உதவும் சீட்டை நான்கால் பெருக்கிச் சதவீதம் பார்ப்பது டர்ன், ரிவர் இரண்டையும் பார்ப்பவருக்கு, துல்லியமாக 35. ஆனால் ரிவரைப் பார்க்க மச்சான் டர்னில் இன்னொரு 18 கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சீட்டுக்கு மட்டும் விலை கொடுக்கும்போது இரண்டால் பெருக்குங்கள். ஐந்து ஆர்ட்டின் சேர்ந்த பின் ரிவரில் என்னிடம் 30 பறித்தாரே, அது அவர் பக்கக் கணக்கில் சேரும். அந்த 30ஐ நான் கொடுக்காமல் இருந்தால்தான் அவர் ஃபிளாப்பில் வந்தது நட்டம் என்பது உண்மையாகும்.

சேர்க்கை 2: 'பயமாக இருந்தால் ஃபிளாப்பிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடலாமே?' முதலில் 4 போட்டதுபோக என்னிடம் 96 இருந்தது, குவியலிலோ 12. கீழான கை எல்லாம் ஓடிவிடும். மூன்று '4' சீட்டு சேர்ந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டே கூட வருவார். மச்சானே இதை அடுத்த ஞாயிறு செய்து பார்த்தார். மூன்று '4' சீட்டு என்னிடம் இருந்தது.