பொது இடத்தில் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருப் புகைப்படம் எடுக்கப் புதிதாக வருபவர்களுடன் நடக்கும்போது, முன்பு நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். முன்பின் அறியாதவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டம் தெரியாததால் நேரும் இழப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

அதட்டலுக்குப் பணிந்து படத்தை அழித்தல்

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். சாலை விரிவாக்கத்துக்காகக் கடைகள் இடிக்கப்படுவதைப் பொதுச் சாலையில் நின்று எடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், அங்கிருந்த காவலர் அதட்டியதும் அத்தனை படங்களையும் அழித்துவிட்டார். கடைகள் எவ்வளவு தூரம் இடிக்கப்பட்டன என்பதைக் காட்டி இழப்பீடு கேட்க, கடைக்காரர்கள் பிறகு அவரைத் தேடி வந்தபோது கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பொதுச் சாலையில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுக்க இந்தியச் சட்டத்தில் பொதுவான தடை எதுவும் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கும் பொருளைக் காவல்துறை கைப்பற்றலாம். ஆனால் அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தாக வேண்டும், 105ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதை வீடியோவாகவும் பதிய வேண்டும். நின்ற இடத்திலேயே படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை இப்பிரிவுகள் தரவில்லை. "கைப்பற்றுவதென்றால் மகஜர் எழுதிக் கொடுங்கள் ஐயா, நான் அழிக்க மாட்டேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். (மகஜர் என்பது, எதைக் கைப்பற்றினார்கள் என்று சாட்சிகள் முன் எழுதும் பதிவு.) எடுத்தது உண்மையிலேயே தடைசெய்யப்பட்ட இடமாக இருந்தால், அழிப்பதால் ஆதாரத்தை மறைத்த பழியும் சேர்ந்துகொள்ளும். பயத்தில் அழித்தேவிட்டால், அந்த மெமரி கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் உடனே கழற்றி வையுங்கள்; புதிய படங்கள் மேலே பதியாத வரை, பழையவற்றை மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

பொது இடம் என்றால் எதையும் எடுக்கலாம் என்று எண்ணுதல்

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு தண்டிக்கிறது. அவர் பொது இடத்தில்தான் இருந்தார் என்ற சமாதானம் அங்கே செல்லாது. அருவியிலும் படித்துறையிலும் குளிப்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

தெருவில் எடுத்த முகத்தை விளம்பரத்துக்கு விற்றல்

எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

சிலைகளை எடுக்கத் தயங்குதல்

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைத் தாராளமாக எடுக்கலாம்.

ட்ரோன்

ட்ரோன் எங்கே பறக்கலாம் என்பதை மண்டலங்களாகக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில், நீங்கள் நிற்கும் இடத்தின் மண்டலத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.