டூல் சென்டர் பார்க்க ஆறு அங்குல ஸ்கேல் போதும்

லேத்தில் (கடைசல் இயந்திரம்) வெட்டும் டூலின் முனை, சுழலும் ஜாப்பின் (கடையப்படும் பொருள்) மைய உயரத்தில், அதாவது சென்டரில், இருக்க வேண்டும். இதைப் பார்க்க, டூலைக் கட்டியதும் அதன் முனைக்கும் சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் பகுதி) பிடித்த உருளைக் கம்பிக்கும் நடுவில் 6 அங்குல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, டூலை ஜாப் பக்கம் கொண்டுபோகும் கிராஸ் ஸ்லைடை மெல்ல நகர்த்தி லேசாக அழுத்துங்கள். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்றிருக்க வேண்டும். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, ஜாப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்திருந்தால் டூலுக்கு அடியில் பேக்கிங் (உயர்த்தும் தகடு) வையுங்கள். உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டு இதற்கு அருமையானது, கனம் சுமார் 0.6 மி.மீ. தான். போல்ட்டை இறுக்கியபின் மறுபடி பாருங்கள், இறுக்கும்போது டூல் சற்று இறங்கும்.

உருளையின் மேற்பரப்பு சென்டர் உயரத்தில் மட்டுமே செங்குத்தாக இருக்கும். அதற்கு மேலும் கீழும் சரிந்துவிடும். அந்தச் சரிவைத்தான் ஸ்கேல் பெரிதாக்கிக் காட்டுகிறது. 10 மி.மீ. கம்பியில் டூல் அரை மி.மீ. தாழ்ந்தாலே ஏறக்குறைய 6 டிகிரி சாயும். பயிற்சிக்கு வருபவர்கள் டூல் முனையை, லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக் சென்டரின் கூர்முனையோடு கண்ணால் ஒப்பிட்டே பழகுகிறார்கள்; இது அதைவிட வேகமானது, கண் ஏமாறுவதும் குறைவு.

100 மி.மீ. விட்டத்தில் அதே பிழைக்குச் சாய்வு அரை டிகிரியைச் சற்றே தாண்டும், கண்ணுக்குத் தெரியாது. அப்போது சிறு கம்பியை மாட்டிச் சரிபார்த்துவிட்டு ஜாப்பைப் பிடியுங்கள். அறுகோணக் கம்பிக்கும், துளையின் உட்புறம் கடையும் போரிங் டூலுக்கும் இது உதவாது. கார்பைடு (மிகக் கடினமான வெட்டுப்பொருள்) முனையை அழுத்தினால் விளிம்பு உடைந்துவிடும், தொட்டதும் நிறுத்துங்கள்.