தினசரி காலண்டரில் கடல் பார்ப்பது எப்படி

மும்பைக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இன்னமும் தை பிறப்பதற்குள் அண்ணன் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தினசரி காலண்டர் அனுப்பிவிடுவார். ராகுகாலம் பார்க்க அல்ல, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்க்கத்தான் எனக்கு அது வேண்டும்.

கற்றுக்கொண்டது அவமானப்பட்டுத்தான். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது ஹாஜி அலி தர்காவுக்குக் கூட்டிப் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள், காலை பதினொரு மணி. கரையிலிருந்து தர்காவுக்குக் கடலுக்குள்ளேயே நடைபாதை போகிறது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பாதையைக் காணோம், அலைதான் அடிக்கிறது. இரண்டரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மீன் கொண்டுவந்த மாவ்ஷியிடம் (மராத்தியில் சித்தி; கோளி என்ற மீனவச் சமூகத்துக்காரர்) புலம்பினேன். "உன் வீட்டில் காலண்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இங்கே மீனவர்கள் தலைமுறையாகப் போடும் கணக்கைச் சொன்னார். பர்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம். திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் பர்தி நேரம் வந்துவிடும்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். பிரதமைக்கு 1, துவிதியைக்கு 2, இப்படியே சதுர்த்தசிக்கு 14, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15. வளர்பிறையா தேய்பிறையா என்ற கவலை வேண்டாம். இன்று அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு. காலை ஆறு மணிக்கு ஏற்றம், மாலை ஆறரைக்குள் இன்னொன்று. நடுவே பன்னிரண்டு மணியை ஒட்டி வற்றம். காலண்டரில் "காலை 10.15 வரை சப்தமி, பின்பு அஷ்டமி" என்று இருந்தால், நீங்கள் போகும் நேரத்தில் எந்தத் திதியோ அதை எடுங்கள். அரை மணி முன்னே பின்னே இருக்கும். பட்சத்தின் கடைசி நாட்களில் அரை மணியோ முக்கால் மணியோ கூட்டிக்கொள்ளுங்கள்: பதினைந்து முக்கால் பதினொன்றேகால்தான், ஆனால் அமாவாசையன்று இங்கே பன்னிரண்டை ஒட்டித்தான் நீர் நிறைகிறது.

இது ஏன் பலிக்கிறது? பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதே நிலாவுக்கு நேராக மறுபடி வர நமக்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் மாவ்ஷி முக்கால் மணியாக்கிச் சொல்கிறார். நிலா இருக்கும் பக்கம் தண்ணீர் மேடாவது புரிகிறது. எதிர்ப்பக்கமும் ஏன் மேடாகிறது என்றால், அங்குள்ள தண்ணீரை நிலா பூமியை இழுப்பதைவிடக் குறைவாக இழுக்கிறது, அதனால் அது பின்தங்கி நிற்கிறது. ஆகவே நாளுக்கு இரண்டு ஏற்றம்.

எப்போது வரும் என்பது இது. எவ்வளவு வரும் என்பதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. கடலை ஏற்றி இறக்கும் அதன் இழுப்பு நிலாவுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கும்போது மும்பையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் கடல் சோம்பிக் கிடக்கும். ஊரில் நமக்கு இதெல்லாம் தெரியாமல் போனதற்குக் காரணம் தூத்துக்குடிப் பக்கம் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதுதான். திருச்செந்தூரில் அமாவாசையை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் அது செய்தி. இங்கே தினமும் இரண்டு முறை உள்வாங்குகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் வரை ஏறுகிறது. நிலா ஒன்றுதான், கடலடித் தரையும் கரையின் வடிவமும்தான் வேறு.

பாறைக் கரையில் உயிர்களைப் பார்க்க ஆசையா? அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து துவிதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறதா பாருங்கள். ஏற்றம் ஒன்றரைக்கு, அப்படியானால் வற்றம் காலை ஏழரை, ஏழே முக்கால். ஆறரைக்கு மும்பையின் ஜுஹூ கடற்கரையில் பாறைகள் இருக்கும் பக்கம் இறங்குங்கள். குட்டையில் பூப் போலத் தெரியும் உயிரினமான கடல் சாமந்தி விரிந்திருக்கும். விரல் நிழல் பட்டாலே சில சுருங்கிக்கொள்ளும். காலி சிப்பி நகர்கிறதே என்று குனிந்தால் உள்ளே துறவி நண்டு. ஒருமுறை ஆக்டோபஸ் குட்டி ஒன்று பாறை நிறத்திலேயே இருந்தது, கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தது. பிடி உள்ள செருப்பு போடுங்கள், எதையும் புரட்டினால் திரும்ப அப்படியே வையுங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் பதுங்கித்தான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணியில்தான் பாய்ந்து வரும்.

குளிர்காலத்தில் பூநாரை பார்க்க, பக்கத்திலுள்ள தானே என்ற ஊரின் கழிமுகத்துக்கும் இதே கணக்கில் போகலாம், அங்கே கொஞ்சம் தாமதமாக ஏறும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூநாரைகளுக்கு நம் மணிக்கணக்கு கிடையாது. சேறு வெளியே தெரிந்தால் சாப்பாடு, மூழ்கினால் ஓய்வு.

இங்கே மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைப் பக்கமே போகாதீர்கள். அப்போது காலண்டர் வேறு காரியத்துக்கு. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 944 மில்லிமீட்டர் மழை. பௌர்ணமி போய் ஐந்தாம் நாள். ஐந்து முக்கால் மூன்றே முக்கால். அன்று ஏற்றம் நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான். சாக்கடைத் தண்ணீர் போக வேண்டிய கடலே உயர்ந்து நின்றால் அது எங்கே போகும்? அதனால் மழை பிடித்துக்கொண்டால் நான் முதலில் திதியைப் பார்ப்பேன், அப்புறம்தான் பையனுக்குப் போன் போட்டு ஆபீசிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வேன்.